அஃபாரின் எட்டு மீட்டர்

எத்தியோப்பியாவின் வடகிழக்கில், அஃபார் பகுதியில், அரேபியத் தட்டும் ஆப்பிரிக்கத் தட்டும் ஆண்டுக்கு 16 முதல் 20 மில்லிமீட்டர் வரை விலகிக்கொண்டிருக்கின்றன. 2005 செப்டம்பரில் அங்கே தபாஹு எரிமலையை ஒட்டி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்தது. என்விசாட் செயற்கைக்கோளின் ரேடார் படங்களை வைத்து அளந்தபோது, அதிகபட்ச விரிவு 8 மீட்டர் என்று தெரிந்தது. 8,000 மில்லிமீட்டரை 20ஆல் வகுத்தால் 400 ஆண்டு, 16ஆல் வகுத்தால் 500 ஆண்டு. அத்தனை காலம் சேர்ந்த இழுவிசை சில வாரங்களில் தீர்ந்தது.

தீர்த்தது எது? செப்டம்பர் 14 முதல் அக்டோபர் 4 வரை 3.9 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் 163 பதிவாயின. பார்த்தால் எல்லாம் பிளவுகள் நழுவியதன் வேலை என்றே தோன்றும். ஆனால் தரை மொத்தமாக நகர்ந்த அளவில் நிலநடுக்கங்களின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மீதியைச் செய்தது மாக்மா. பாறையை நெட்டுக்குத்தாகப் பிளந்துகொண்டு அது சுவர் போல உள்ளே நுழைந்தது. இதை டைக் என்பார்கள். நீளம் 60 கிலோமீட்டர், உயரம் 8 கிலோமீட்டர், சராசரி அகலம் 5 மீட்டர் என்று வைத்துப் பெருக்கினால் 2.4 கன கிலோமீட்டர் வருகிறது. ஆய்வாளர்கள் முதலில் மதிப்பிட்டது 2.5. அதில் வெளியே வந்தது மிகச் சொற்பம். தாஉரே என்ற இடத்தில் கொஞ்சம் சாம்பலும் கல்லும். 2010க்குள் மேலும் 13 டைக்குகள் அதே பகுதியில் நுழைந்தன. அவற்றில் 2007, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே லாவா தரைக்கு வந்தது.

அப்படியானால் பிளவுகளின் பங்கு என்ன? 2005இல் டைக்குக்கு நேர் மேலே இருந்த நிலம் 2 மீட்டர் வரை இறங்கியது, இருபுறமும் 1.5 மீட்டர் வரை எழுந்தது. நாம் கண்ணால் பார்க்கும் பள்ளத்தாக்கின் படிக்கட்டு இந்த இறக்கத்தில்தான் உருவாகிறது. அகலத்தை மாக்மா கொடுக்கிறது, வடிவத்தைப் பிளவுகள் செதுக்குகின்றன என்பதே அஃபார் கணக்கைப் பார்த்து நான் எடுக்கும் முடிவு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரோஜர் பக் போட்ட கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது: மாக்மா நுழைந்தால், தடித்த கண்டத்தட்டைப் பிளக்கத் தேவையான விசை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மாக்மா அரிதான இடத்தில் கணக்கு தலைகீழ். அஃபாரிலிருந்து தெற்கே நீளும் கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்குக் கிளையில் உள்ள டாங்கனிக்கா ஏரி ஏறத்தாழ 670 கிலோமீட்டர் நீளம், 1,470 மீட்டர் ஆழம். நீர்மட்டம் கடலுக்கு மேல் சுமார் 770 மீட்டர். எனவே அடித்தளம் கடல்மட்டத்துக்கு 700 மீட்டர் கீழே. அதற்கும் அடியில் கிலோமீட்டர் கணக்கில் வண்டல். இவ்வளவு பெரிய குழியைத் தோண்டியது கரையோரப் பெரும்பிளவுகள்தான். டிசம்பர் 2005இல் அங்கே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அளவு 6.8.

இந்தப் பிளவுப் பள்ளத்தாக்குக்கு வரவுப் பக்கமும் உண்டு. கென்யாவின் ஒல்காரியாவில் 1981இல் 15 மெகாவாட்டில் தொடங்கிய புவிவெப்ப மின்சாரம், இன்று அந்த நாட்டு மின் உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு.

செலவு காங்கோவின் கோமா நகரத்தின் தலையில் விழுகிறது. 2002 ஜனவரி 17இல் நியிராகோங்கோ எரிமலையின் லாவா நகரின் எட்டில் ஒரு பங்கை மூடியது. ஏறத்தாழ 1,20,000 பேர் வீடிழந்தனர். 2021 மே 22இல் எரிமலை மறுபடி வெடித்தது. முன்னறிகுறிகள் நிமிடக் கணக்கில்தான் கிடைத்தன என்று பிறகு ஆய்வு காட்டியது. ஆனால் அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீள டைக் நகருக்கும் கீவு ஏரிக்கும் அடியில் நகர்ந்ததைக் கருவிகள் பின்தொடர்ந்தன. மே 27 அன்று சுமார் 4 லட்சம் பேரை வெளியேறச் சொன்னார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், இணைய இணைப்புக்குப் பணமில்லாமல் அந்த நகரின் எரிமலை ஆய்வகத்துக்கு நில அதிர்வுத் தரவுகள் வருவது நின்றிருந்தது. 4 லட்சம் உயிர்களுக்கு எதிரே வைத்தால் அந்த இணையக் கட்டணம் எவ்வளவு சிறியது!