பனிப்பாளம் சொல்லும் பருவக் கணக்கு

வட துருவத்தை ஒட்டிய கிரீன்லாந்துத் தீவில் விவசாயம் உண்டு என்றால் பலர் நம்பமாட்டார்கள். தீவின் ஐந்தில் நான்கு பங்கு பனிப்பாளத்தால் மூடிக் கிடக்கிறது. ஆயினும் தென்கோடியில், கடல் உட்புகுந்த பள்ளத்தாக்குகளில் புல் வளர்கிறது. அங்கு சில குடும்பங்கள் செம்மறியாடு வளர்த்தும், உருளைக்கிழங்கு பயிரிட்டும் பிழைத்து வருகின்றன.

இதே மண்ணில் முன்பும் குடியானவர்கள் இருந்ததுண்டு. கி.பி. 985-ம் ஆண்டு வாக்கில் ஐஸ்லாந்திலிருந்து சிவப்பு எரிக் என்பவர் தலைமையில் ஒரு கூட்டத்தார் ஆடு மாடுகளுடன் வந்து குடியேறினர். சுமார் 450 ஆண்டுகள் வாழ்ந்தனர். 1408-ல் அங்குள்ள கிறிஸ்துவ ஆலயத்தில் நடந்த ஒரு திருமணமே அவர்களைப் பற்றிய கடைசி எழுத்துக் குறிப்பு. பின்னர் பட்டிகள் பாழடைந்தன. குளிர் கடுமையானது ஒரு காரணம். வியாபாரம் நொடித்ததும் காரணமாக இருக்கலாம். எரிக்கின் பண்ணை இருந்த அதே இடத்தில் 1924-ல்தான் மீண்டும் ஆட்டுப்பண்ணை ஏற்பட்டது.

இந்தப் பருவ மாறுதல்களுக்கு அத்தாட்சி பனிப்பாளத்திலேயே உள்ளது. ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காக இறுகுகிறது. தென்னை மரத்தின் வடுக்களை எண்ணி வயதைக் கணிப்பது போல, மேல் அடுக்குகளை ஆண்டுவாரியாக எண்ணலாம். 1966-ல் அமெரிக்கர்கள் கிரீன்லாந்தில் சுமார் 1,390 மீட்டர் ஆழம் துளையிட்டுப் பனித்தண்டை எடுத்தனர். டென்மார்க் விஞ்ஞானி வில்லி டான்ஸ்கார்ட் அதிலிருந்த கனமான பிராணவாயுவின் அளவைக் கண்டு, லட்சம் ஆண்டுகளின் குளிரையும் வெப்பத்தையும் கணித்தார். கனவாயு கூடினால் வெப்பக் காலம், குறைந்தால் குளிர்காலம்.

பனியுகங்கள் வந்து போவதற்குக் காரணம் பூமியின் சாய்வும் சுற்றுப்பாதையும் மெல்ல மாறுவதே. சாய்வு ஒரு முறை கூடிக் குறைய 41,000 ஆண்டுகள் ஆகின்றன. செர்பியக் கணித மேதை மிலான்கோவிச் இதை விரிவாகக் கணக்கிட்டார். இந்தக் கணக்குப்படி வடதுருவம் இப்போது மெல்லக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு!

தென்துருவப் பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள் இதற்கு விடை தருகின்றன. 8 லட்சம் ஆண்டுகளில் கரியமில வாயு பத்து லட்சம் பங்கில் 300 பங்கைத் தாண்டியதாகத் தெரியவில்லை. தொழிற்சாலைக் காலத்துக்கு முன் 280 ஆக இருந்தது, நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் இன்று 420-க்கும் மேல் போய்விட்டது. இது பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் தடுக்கிறது. துருவத்தில் இன்னொரு கேடும் சேர்கிறது. சுண்ணாம்பு அடித்த மொட்டைமாடி போல் பனி வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. பனி கரைந்து கருங்கடல் நீர் தெரிந்தால், அது வெயிலை உறிஞ்சி மேலும் சூடேறுகிறது.

2012 ஜூலையில் சில நாட்கள் கிரீன்லாந்துப் பனிப்பாளத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் இளகியது. 2021 ஆகஸ்ட் 14 அன்று 3,200 மீட்டர் உயரமுள்ள உச்சியில் மழை பெய்தது. அதற்கு முன் அங்கு மழை பெய்ததாகப் பதிவில்லை.

வெப்பம் கூடினால் ஆட்டுக்காரர்களுக்கு லாபந்தானே என்று தோன்றலாம். வளரும் காலம் நீண்டிருப்பது உண்மை. ஆனால் மண் மேலோட்டமானது. பனி முந்திக் கரைந்தால் ஈரம் நிற்பதில்லை. மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று மிச்சத்தையும் உறிஞ்சிவிடுகிறது. குளிர்காலத்தில் ஆடுகளைக் கொட்டகையில் அடைத்துத் தீனி போட வேண்டியிருப்பதால், கோடையில் அறுக்கும் புல்லே அவர்களின் முதல். மழை பொய்த்த ஆண்டுகளில் தீவனத்தைக் கப்பலில் தருவித்து விலைக்கு வாங்க நேர்ந்தது. உலகின் நன்னீரில் ஒரு பகுதியைச் சுமக்கும் பனிமலைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, சிலர் இப்போது புல்வெளிக்குக் குழாய் போட்டு நீர் தெளிக்கிறார்கள்.