‘ஊசி போட்ட மறுநாள்...’

2021 ஏப்ரல் 15. சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக், எல்லோரும் தயங்காமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேமராக்கள் முன் பேசினார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி அதிகாலை காலமானார். வயது 59.

இதயத்தின் முக்கியமான ரத்தக்குழாயில் 100 சதவீதம் அடைப்பு இருந்ததாகச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். தடுப்பூசிதான் காரணம் என்று நினைக்க வேண்டாம் என்று அன்றைய சுகாதாரத்துறைச் செயலர் ராதாகிருஷ்ணனும் விளக்கினார். ஆனால் டி.வி.யின் அடிவரியில் ஓடியது ‘தடுப்பூசி போட்ட மறுநாள் மாரடைப்பு’ என்ற சாயலில்தான். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. செய்தியில் காக்கையை முதலில் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். ‘விவேக்குக்கே அந்தக் கதின்னா நமக்கு?’ என்று டீக்கடையில் பேச்சு கிளம்ப அது போதும். தொடர்பில்லை என்று நிபுணர் குழுவின் அறிக்கை வெளிவந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. அது எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும்?

சரி, தடுப்பூசிக்குத் தயங்குகிறவர்களை நோயைக் காட்டிப் பயமுறுத்தினால் வழிக்கு வருவார்களா? அதையும் அமெரிக்காவில் சோதித்துவிட்டார்கள். பிரெண்டன் நைஹன் குழு 1,759 பெற்றோரிடம் நடத்திய ஆய்வு 2014-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்தது. தட்டம்மையால் சாகக் கிடந்த கைக்குழந்தையின் கதையைப் படித்தவர்களுக்கு தட்டம்மையைத் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசியின் பக்கவிளைவு பற்றிய பயம் கூடியதே தவிர, ஊசி போடும் எண்ணம் கூடவில்லை. நோயுற்ற குழந்தைகளின் படங்களைப் பார்த்தவர்களிடமோ, ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற தவறான நம்பிக்கை வலுத்தது. பயத்தைக் கிளப்பிவிடலாம், அது எந்தப் பக்கம் ஓடும் என்பது நம் கையில் இல்லை.

பலித்தது எது தெரியுமா? ஒரு சாதாரண எஸ்.எம்.எஸ். அதே நாட்டில் 47,000 பேருக்கு மேல் பங்கெடுத்த இன்னொரு சோதனையில், 19 விதமான செய்திகளில் முந்தியது, ‘உங்களுக்கென்று ஃப்ளூ ஊசி எடுத்துவைத்திருக்கிறோம்’ என்ற பொருளில் போனது. பயமும் இல்லை, புத்திமதியும் இல்லை.

செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு கோரிக்கை. ஊசியையும் மரணத்தையும் ஒரே தலைப்பில் போட்டால், மருத்துவர் சொன்ன காரணத்தையும் அதே தலைப்பில் போடுங்கள். ‘100 சதவீத அடைப்பு’ என்பது மூன்றே சொல். அடிவரியில் அதற்கு இடம் இருக்கிறது. வாசகர்களே, அந்தக் காரணம் இல்லாமல் வரும் செய்தியை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.