வளையல் இறுகினால் சும்மா இருக்காதீங்க!

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, காயம் ஆறி, "இனி எல்லாம் சரியாப் போச்சு" என்று வேலைக்குத் திரும்பிய சகோதரிகள் நம் தோட்டங்களில் உண்டு. ஆறு மாதமோ இரண்டு வருடமோ கழித்து, ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் வளையல் இறுகும். ரவிக்கைக் கை பிடிக்கும். கை கனக்கும். "வேலை செஞ்ச அசதி" என்று தைலம் தடவிப் படுத்துவிடுகிறோம். தப்பு அங்கேதான்.

ஆபரேஷனில் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பதுண்டு. கையில் ஊறும் நிணநீர் அவற்றின் வழியாகத்தான் வடிய வேண்டும். கான் அடைத்துக்கொண்டால் லயத்து வாசலில் தண்ணீர் தேங்குமே, அது போலத்தான் இதுவும். முடிச்சுகளை முழுக்க எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு வீக்கம் வருகிறது. ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களுக்கு ஆபத்து குறைவு. அக்குள் பக்கம் கதிர்வீச்சு வைத்தியம் செய்தால் ஆபத்து கூடும்.

"கையை அசைக்காம வச்சிக்கோ" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாசம்தான், ஆனால் சரியில்லை. தசை அசைந்தால்தான் நீர் நகரும். விரலை மடக்கி நீட்டுவது, தலை சீவுவது, பிறகு சுவரில் விரலால் ஏறுவது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித் தரும் பயிற்சியை வீட்டிலும் விடாதீர்கள். பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் மருந்து பம்பை அந்தத் தோளில் மாட்டாதீர்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து சின்னக் காயம். செம்பனை முள், உளி வெட்டு, பூச்சிக்கடி எதுவானாலும் கிருமி புகுந்தால் அந்தக் கை தாங்காது. உறை போட்டு வேலை செய்யுங்கள். காயம் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, மருந்திட்டு மூடுங்கள். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நாளைக்குச் சம்பள நாள் என்று தள்ளிப் போடாதீர்கள்.

தையல் டேப்பால் இரு கைகளையும் ஒரே இடத்தில் மாதம் ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே அளந்திருந்தால் இன்னும் நல்லது. 2 சென்டிமீட்டர் கூடினாலோ, அளவு கூடாமலே கை கனத்தாலோ கிளினிக்கில் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் அழுத்த உறையும் பயிற்சியும் வீக்கத்தை அடக்கி வைக்கும். வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை: எண்ணெய் விட்டு அழுத்தி நீவாதீர்கள். இந்தக் கைக்கு மெல்லத் தடவும் முறை வேறு, பழகியவர்தான் செய்ய வேண்டும்.

இலகுவான வேலை வேண்டுமென்றால் டாக்டரிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள். அதை மண்டோரிடம் கொடுக்கும்போது கமிட்டித் தலைவரையும் கூட அழைத்துப் போங்கள்.