கண்ணுக்குத் தெரியாத காயமும் கைவிடக் கூடாத உரிமையும்



எம். புதுப்பட்டி வட்டாரத்தில் வாழும் எங்களுக்கு வெடியோசை புதிதன்று. எங்கேனும் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து வெடித்துவிட்டால் ஓடிச் சென்று முதலில் எதைப் பார்க்கிறோம்? எத்தனை பேருக்குத் தீக்காயம் என்பதைத்தான். உடம்பில் கருகிய இடம் இல்லாதவரைக் கண்டால், 'அல்ஹம்துலில்லாஹ், தப்பினார்' என்று ஆறுதல் கொள்கிறோம். ஆனால் வெடியின் அதிர்வு, தோலில் ஒரு கீறலும் இன்றி மூளையைக் குலுக்கிவிடக் கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அத்தகைய காயத்துடன் வீடு திரும்பும் படைவீரர்களைப் பற்றியும், அவர்களுக்குரிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்தைப் பற்றியும் இம்மாதம் உங்களுடன் பேச விழைகிறேன்.

2020 ஜனவரி 8 அன்று இராக்கிலுள்ள அல் அசத் தளத்தின் மீது ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன. அங்கிருந்த அமெரிக்க வீரர் எவருக்கும் தீங்கில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு மூளைக்காயம் இருப்பது கண்டறியப்பட்டது. வல்லரசின் மருத்துவர்களுக்கே உடனே புலப்படாத காயம் இது.

வீட்டில் இதை முதலில் உணர்பவள் மனைவியே. ஓயாத தலைவலி, உறக்கமின்மை, சொன்னதை மறத்தல், காரணமற்ற சினம் என்று அது வெளிப்படும். சிலருக்கு ஆண்டுகள் பல கழித்து வலிப்பும் வருகிறது. 'மனிதர் மாறிவிட்டார்' என்று உறவினர் பேசுவர். அது குணக்கேடன்று, காயம் என்று எடுத்துச் சொல்ல ஆளிருக்காது.

சட்டம் கேட்பது என்ன?

உடற்குறையின் காரணமாகப் படையிலிருந்து விடுவிக்கப்படுபவர் ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெற இரண்டு நிபந்தனைகள் உள்ளன. அக்குறை படைப்பணியால் உண்டாகியிருக்க வேண்டும், அல்லது படைப்பணியால் மோசமாகியிருக்க வேண்டும். அதன் அளவு 20 விழுக்காட்டுக்குக் குறையாதிருக்க வேண்டும். கால் இழந்தவருக்குச் சான்று தேவையில்லை, காலே சான்று. வலிப்பு நோயாளிக்கோ, 'இது பிறவிக் கூறு, பணியுடன் தொடர்பற்றது' என்று மருத்துவக் குழு ஒரு வரி எழுதிவிட்டால் கதவு அடைபட்டுவிடுகிறது.

தரம்வீர் சிங் என்னும் சிப்பாய்க்கு நேர்ந்தது இதுவே. 1985இல் சமிக்ஞைப் படைப்பிரிவில் சேர்ந்த அவர், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுப் பணிக்குப் பின் 1994இல் வலிப்பு நோயால் விடுவிக்கப்பட்டார். ஊனம் 20 விழுக்காடு என்று ஒப்புக்கொண்ட மருத்துவக் குழு, அது பணியால் வந்ததன்று என்றது. ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. அவர் ஓயாது வழக்காடினார். 2013 ஜூலை 2 அன்று உச்சநீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. படையில் சேரும்போது நோய் ஏதும் பதிவு செய்யப்படவில்லை எனில், அவர் நலமுடன் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும்; நோய் பணியால் வரவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது; ஐயம் எழுந்தால் அதன் பயன் வீரருக்கே சேரும். இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடம் படித்தோருக்கு இது வியப்பளிக்காது. உளூச் செய்தது உறுதி, முறிந்ததா என்பது ஐயம் எனில், உளூ நிலைபெறும் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். உறுதியை ஐயம் நீக்குவதில்லை. சிப்பாய் நலமுடன் சேர்ந்தது உறுதி. ஊகம் அதை எப்படி அழிக்கும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். தலைக்காயம் போன்ற காரணத்தால் வரும் வலிப்பு, ஏழு ஆண்டுகள் வரை தாமதித்தும் தோன்றலாம் என்பதை, படை மருத்துவ அலுவலர்களுக்கான வழிகாட்டி நூலே ஒப்புக்கொள்கிறது. ஆகவே, 'அடிபட்டது அன்று, வலிப்பு வந்தது இன்று' என்ற காரணத்திற்காகவே மனம் தளர்ந்துவிட வேண்டாம்.

எல்லா விபத்தும் இதில் அடங்காது என்பதையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். அனுமதி பெற்ற விடுப்பில் ஊர் திரும்பும் வழியில் இரயிலிலிருந்து இறங்கும்போது காயமுற்றவருக்கு 1999இல் உச்சநீதிமன்றம் ஓய்வூதியம் வழங்கியது. விடுப்பில் சகோதரியின் வீட்டு மாடிப்படியில் விழுந்தவருக்கு 2015இல் மறுத்துவிட்டது. பணியோடு தொடர்பு வேண்டும் என்பதே அளவுகோல்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

டிஸ்சார்ஜ் புத்தகம், மருத்துவக் குழுவின் அறிக்கை, காய அறிக்கை, மருத்துவமனைச் சீட்டுகள் ஆகிய அனைத்தையும் ஒரே பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். வலிப்பு வந்த நாளையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் அதில் காரணம் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். காரணம் கூறாத மருத்துவக் கருத்தின் பேரில் ஓய்வூதியத்தை மறுக்கலாகாது என்று 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது.

அதன்பின் துறைக்குள்ளேயே மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆறு மாதங்களாகியும் விடை வராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அத்தீர்ப்பாயத்திற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. வழிகாட்டுதலுக்கு விருதுநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உள்ளது. 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளதால், அதன்பின் விடுவிக்கப்பட்டோர் அவற்றையும் கேட்டறிதல் நலம்.

தாமதம் மட்டும் வேண்டாம். 1983இல் விடுவிக்கப்பட்டு, பதினாறு ஆண்டுகள் கழித்து வழக்கிட்ட தர்செம் சிங் என்பவருக்கு, வழக்கிட்ட நாளுக்கு முந்தைய மூன்றாண்டு நிலுவை மட்டுமே உரியது என்று 2008இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. உரிமை மறையவில்லை, ஆனால் காத்திருந்த காலத்தின் பணம் கரைந்துபோயிற்று.

சகோதரிகளே! நினைவு தடுமாறும் ஒருவர் தம் வழக்கைத் தாமே நடத்துவது அரிது. எந்தத் தாளை எங்கே வைத்தோம் என்பதே அவருக்கு மறந்துபோகும். அவருடைய நினைவாக நீங்கள்தான் இருக்க வேண்டும். ஓய்வூதியம் கேட்பது இரந்து நிற்பதன்று. நாட்டுக்காகத் தலையைக் கொடுத்தவர், அதன் ஈட்டைக் கேட்கிறார். அடுத்த தெருவில் அப்படியொரு வீடு இருந்தால், இன்றே சென்று அந்த மறுப்புக் கடிதத்தை வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடைபட்ட கதவு திறக்கும்.