டாக்டரோடு சில நிமிடங்கள்



எங்கள் மருத்துவமனையைப் பார்க்க வரும் சபையார் சர்க்கரை நோய்ப் பிரிவின் முன்னால் நின்று அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு. விடியற்காலையிலேயே வந்து வரிசையில் காத்திருக்கும் இவர்களோடு டாக்டர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதே அது. நியாயமான கேள்வி. உங்கள் காணிக்கை எதற்குப் பயன்படுகிறது என்பதும் இதற்குள் அடங்கியிருப்பதால் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

ஒரு டாக்டர் காலை 8 மணி முதல் பகல் 1 மணி வரை ஓய்வின்றிப் பார்த்தால் 300 நிமிடங்கள். வந்திருப்பவர்கள் 60 பேர் என்றால் ஆளுக்கு 5 நிமிடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு வருடம் முழுவதற்கும் கிடைப்பது 20 நிமிடமே. ஆனால் வருடத்தில் 5,25,600 நிமிடங்கள் உண்டு. மீதி நேரமெல்லாம் அவர் தன் வீட்டிலும் வயலிலும் வேலையிடத்திலும் இந்த நோயோடு தனியாகவே போராடுகிறார்.

இது ஒரு மருத்துவமனையின் குறையன்று. 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. பொது மருத்துவர்கள் ஒரு நோயாளிக்குத் தரும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், இந்தியாவில் சுமார் 2 நிமிடம், வங்காள தேசத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்று அதில் காண்கிறோம். நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. கூட்டம் பெரிது, டாக்டர்கள் சிலர்.

அந்தச் சில நிமிடங்களுக்குள் செய்ய வேண்டியவையோ பல. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1சி பரிசோதனையின் முடிவைப் பார்க்க வேண்டும். (பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து வருகிறவர்களை இது காட்டிக்கொடுத்துவிடும்!) இரத்த அழுத்தம், சிறுநீரகம், கண், கால் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். இத்தனைக்கும் நடுவே நோயாளி வாய் திறந்து பேசவும் வேண்டும்.

பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தக் கடைசிக் காரியமே. வார்டுகளில் ஜெபிக்கப் போகும்போது, டாக்டரிடம் சொல்லாதவற்றை நோயாளிகள் எங்களிடம் சொல்கிறார்கள். பணமில்லாததால் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டதாக ஒருவர் சொல்லுவார். ஜெபம் பண்ணியாயிற்று, இனி மருந்து வேண்டாம் என்று இன்சுலினை நிறுத்தினதாக இன்னொருவர் சொல்லுவார். லெந்து நாட்களில் உபவாசம் இருந்துகொண்டே வழக்கமான மாத்திரையையும் சாப்பிட்டு, ஆலயத்திலேயே மயங்கி விழுந்த தாய்மாரும் உண்டு. இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் உணவில்லாத வேளையில் சர்க்கரையை அபாயமான அளவுக்குத் தாழ்த்திவிடும். டாக்டர் இதையெல்லாம் அறியாவிட்டால் சர்க்கரை ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சொல்லாமல் விடுவதில் மிகவும் கொடியது கால் புண். சர்க்கரை நோய் நாளடைவில் பாதத்தின் உணர்ச்சியைக் கெடுக்கிறது. முள் குத்தினாலும் வலிக்காது. வலிக்காததால் சொல்வதுமில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணிசெய்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்கள் அழிவதற்குப் பெருங்காரணம் வலி உணர்ச்சி இல்லாமையே என்று கண்டறிந்தார். அந்த அறிவே பின்னாளில் சர்க்கரை நோயாளிகளின் கால்களைக் காக்கவும் உதவிற்று. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்துவிடலாம். அதற்கு ஓரிரு நிமிடம் போதும். ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லவே நேரமில்லை என்றால், ஒரு காலை இழக்க நேரிடலாம்.

டாக்டரின் நிமிடங்களைப் பெருக்க எங்களால் முடியாது. ஆகவே அவற்றைச் சுற்றியுள்ள நேரத்தைப் பயன்படுத்துகிறோம். காத்திருக்கும் பெஞ்சிலேயே ஒரு நர்ஸ் சகோதரி ஒவ்வொருவரின் பாதத்தையும் பார்த்துச் சீட்டில் குறிக்கிறார். மற்றொரு சகோதரி மருந்துப் பையைத் திறந்து, எதைச் சாப்பிடுகிறார், எதை விட்டுவிட்டார் என்று பொறுமையாகக் கேட்கிறார். இன்சுலின் போடும் விதத்தைக் கையோடு கற்றுக்கொடுக்கிறார். நோயாளி டாக்டர் முன் உட்காரும்போது விவரமெல்லாம் மேஜையில் இருக்கும். அந்த ஐந்து நிமிடமும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசக் கிடைக்கும்.

இச்சகோதரிகளின் சம்பளத்துக்கே உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு போகிறது. ஒரு இயந்திரம் வாங்கினால் அதன்மேல் கொடுத்தவர் பெயரை எழுதலாம். நோயாளிக்குக் கொடுக்கும் நேரத்தின்மேல் பெயர் எழுத இயலாது. ஆனாலும் அது காப்பாற்றும் கால்கள் உண்டு.

யவீருவின் மகள் சாகும் தறுவாயில் இருக்க, நம் ஆண்டவர் அவசரமாய்ப் போய்க்கொண்டிருந்தார். அந்த வழியிலும், பன்னிரண்டு வருடம் வியாதிப்பட்ட ஒரு ஸ்திரீக்காக நின்றார். அவள் தொட்டவுடனே சுகமானாள். அதன் பின்னும் அவள் தன் கதை முழுவதையும் சொல்லும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த ஊழியத்தில் அவரே எங்களுக்கு மாதிரி.

உங்கள் சபையிலும் சர்க்கரை நோயுள்ளவர்கள் இருப்பார்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை முந்தின இரவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, கையில் கொண்டுபோகட்டும். யாரும் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டட்டும். உபவாசத்துக்கு முன் டாக்டரிடம் ஆலோசனை கேட்பது அவிசுவாசமல்ல என்று போதகர்கள் பிரசங்க மேடையிலிருந்தே சொன்னால் பலர் பிழைப்பார்கள்.

வரிசையில் காத்திருப்பவர்களுக்காகவும், அவர்களுக்குச் செவிகொடுக்கும் சகோதரிகளுக்காகவும் தொடர்ந்து ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.