அரைக் கோடு

எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்குத் தொழில் பயிலச் சென்றவன் நான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்ப் பூட்டுக்குச் சாவி இசையும்வரை கையால் அராவுவர். எந்த இயந்திரத்திலும் மாற்றிப் பொருத்தவேண்டிய தண்டுக்கு அது போதாது. 25.00 மி.மீ.; அதில் 0.02 குறையலாம், கூடலாகாது. இவ்வெல்லையே 'டாலரன்ஸ்'.

மைக்ரோமீட்டரின் திருகு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும், சுழல் உருளையில் 50 பிரிவுகள், ஆதலின் பிரிவொன்று 0.01. ஒருநாள் தண்டொன்றை அளந்தேன். நிலைக்கோலில் 25, உருளையில் 48. விளிம்பில் அரைக் கோடும் எட்டிப் பார்க்கவே, அதையும் கூட்டி 25.98 என்றேன். உண்மை 25.48! உருளை சுழியத்தை எட்டும்வரை அக்கோட்டைக் கணக்கிடலாகாது. நானோ 0.99 கடைந்துவிட்டேன், எஞ்சியது 24.49. புதிய இரும்பு கேட்கத் தலைகுனிந்து சென்றேன்.