நிற்கும் காரில் இரையும் எஞ்சின்

கார் நிற்கிறது, ஓட்டுநரின் கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லை. ஆயினும் எஞ்சின் அணைந்துவிடாமல் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கிறது. இதனை 'ஐடிலிங்' என்பர். பெரும்பாலான பெட்ரோல் கார்களில், சூடேறிய எஞ்சின் இந்நிலையில் நிமிடத்திற்குச் சுமார் 700 முதல் 900 முறை சுழலும். அது 1,500, 2,000 என்று உயர்ந்து இரைந்தால் கோளாறு உண்டு என்று அறியலாம். பெட்ரோல் வீணாவது மட்டுமன்று. கிளச்சை விட்டதும் கார் நினைத்ததைவிட வேகமாகப் பாயும். பள்ளி வாசலில் சிறுமியர் கடக்கும் வேளையில் இது எத்துணை ஆபத்து!

இதற்குக் காரணம் என்ன? ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். அக்காற்று செல்லும் பாதையில் 'திராட்டில்' என்னும் சிறு கதவு உள்ளது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும்; காலை எடுத்தால் மூடும். காலை எடுத்தும் வேகம் குறையவில்லையென்றால், பெரும்பாலும் காற்று எவ்வழியாகவோ கூடுதலாகப் புகுகிறது. அவ்வழியைப் படிப்படியாகத் தேட வேண்டும்.

முதலாவது, எஞ்சின் சூடேறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் சற்று வேகமாகச் சுழல்வது இயல்பே. அம்பாசிடர் போன்ற பழைய கார்களில் இதற்காகச் சோக்கை இழுப்பர்; அதைத் திரும்பத் தள்ள மறந்தால் இரைச்சல் தணியாது. இக்காலக் கார்களில் கணினியே இவ்வேலையைச் செய்கிறது. வெப்பத்தை அளக்கும் சென்சார் பழுதானால், சூடான எஞ்சினையும் குளிர்ந்ததாகவே அது கருதிவிடும்.

இரண்டாவது, காலடி விரிப்பு நகர்ந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறதா, கேபிள் இறுகிக்கொண்டதா, திராட்டிலை மூடும் ஸ்பிரிங் தளர்ந்ததா என்று காண வேண்டும்.

மூன்றாவது, ரப்பர் குழாய்கள். நாளடைவில் சூட்டினால் இவை வெடித்துவிடும். அவ்வெடிப்பின் வழியே காற்று புகும்போது 'உஸ்' என்ற ஒலி கேட்கும். மெக்கானிக் ஒவ்வொரு குழாயையும் மெல்ல நெரித்துப் பார்ப்பார்; எதை நெரிக்கும்போது வேகம் இறங்குகிறதோ, அவ்வழியில்தான் கசிவு.

நான்காவது, திராட்டிலில் படிந்த கரி. கரி படிந்தால் கதவு சரியாக மூடாது. துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

பழைய கார்களில் ஐடிலிங் வேகத்தைக் குறைக்க ஒரு திருகு உண்டு. சிலர் எடுத்த எடுப்பில் அதைத்தான் திருகுவர். காய்ச்சல் கண்டவருக்குத் தெர்மாமீட்டரை உதறிப் பாதரசத்தை இறக்கிவிட்டால் காய்ச்சல் தணியுமா? காரணத்தை நீக்கிய பின்னரே திருகைத் தொட வேண்டும்.

மூடிய ஷெட்டினுள் எஞ்சினை ஓடவிட்டு ஒருபோதும் சோதிக்கலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் உறுதியாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு, உயிரையே போக்கிவிடும்.

தோழியரே, பழுது பார்ப்பது மெக்கானிக்கின் வேலை. ஆனால் இரைச்சல் எப்போது தொடங்கியது, காலையில் மட்டுமா, சூடேறிய பின்னுமா, ஏ.சி. போட்டால் மட்டுமா என்று கவனித்துச் சொல்வது வீட்டிலுள்ள எவராலும் இயலும். நோயாளி சரியாகச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. வாய் பேசாத காருக்காக நாம்தான் பேச வேண்டும்!